இன்னொருவர் இணைந்திருக்கிறார்

இருட்டத் தொடங்கியபோது மாடி நடைவழி விளக்கு எரிந்தது.

விளக்கு எரிவதில் என்ன பயம் என்று வேறு யாராவது கேட்டிருந்தால் அவனும் சிரித்திருப்பான். ஆனால் அந்த விளக்கு தானாக எரிவதற்கு இருந்த ஒரே காரணத்தைப் பகல் முழுக்க உட்கார்ந்து தன் கையாலேயே அழித்தவன் அவன். ஹால் சோபாவில் மடியில் லேப்டாப்பும் காதில் போனுமாக இருந்தவன், படிக்கட்டின் மேல்முனையிலிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிந்து கைப்பிடிக் கம்பிகளின் நிழலைச் சுவரில் சீப்புப் பல்போல் நீட்டுவதைப் பார்த்தான்.

"அத்தான், கேக்குதா? நிறுத்திட்டீங்களா இல்லையா?" போனில் மனைவியின் தங்கை.

"நிறுத்திட்டேன்."

"எல்லாத்தையும்?"

"வேரோட."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நான் வந்து தங்கின அன்னிக்கு அக்கா பக்கத்து மெத்தை சுடச்சுட இருந்துச்சு. ஒரு பூனைகூட இல்லாத வீட்ல யாருக்கு அத்தான் மெத்தையச் சூடு பண்றீங்க?"

"இந்தத் தடவை ஷெல்லையே மாத்திட்டேன்மா."

"அது என்ன எழவோ, எனக்குப் புரியாது. அழுதீங்களா?"

"இல்ல. வெங்காயம் நறுக்கினேன்."

"உங்களுக்குத்தான் சமைக்கவே தெரியாதே."

"அதான் வெங்காயத்தோட நிறுத்திக்கிட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. "சாப்பிடுங்க அத்தான்," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

விளக்கைப் பற்றி அவன் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள். பயப்பட வீட்டில் ஒரு ஆள் போதும்.

இந்த வீட்டு விளக்கு, கதவு, வெப்பம் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னக் கணினியின் பொறுப்பு. அவனும் கணினிக்காரன், அவளும் கணினிக்காரி. அந்தப் பெட்டியிடம் வரிவரியாகத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் வாசலுக்கு ஷெல் என்று பெயர். பலவிதமான ஷெல்கள் உண்டு. மற்ற தம்பதிகள் மாமியாரை வைத்துச் சண்டை போட்ட வயதில் இவர்கள் ஷெல்லை வைத்துச் சண்டை போட்டார்கள். அவன் பொது விதிகளின் ஆள். எந்த நாட்டு எந்தக் கணினியில் கொண்டுபோய் வைத்தாலும் ஒரே மாதிரி நடக்கிற, சுவாரசியமே இல்லாத பழைய ஷெல்தான் அவனுக்கு வேண்டும். அதனால் அவள் அவனுக்கு வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. வீட்டு நிரல்களில்கூட அவன் பெயர் அதுதான். அவளுடைய ஷெல் எந்த விதிக்கும் கட்டுப்படாது. வண்ணம் காட்டும், பாதி சொன்னால் மீதியை ஊகிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரையில் திறக்கிற எல்லா ஜன்னல்களுக்கும் சொல்லிவிடும். மூடினாலும் மறக்காது. மின்சாரம் போய் வந்தாலும் மறக்காது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனிலிருந்து அவள் கடைசியாகத் தட்டியது அப்படி ஒரு வரிதான். தன் பெயர், அதற்கு மதிப்பாக "வீட்டில்".

"நாளைக்கு வந்துடுவேன் சட்டாம்பிள்ளை. மெத்தை சில்லுனு இருந்தா எனக்கு ஆகாது, தெரியும்ல?"

மறுநாள் வந்தாள். மெத்தை தேவைப்படாத விதத்தில் வந்தாள்.

அன்றிலிருந்து வீடு அவள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் மாடி அறைக்குப் போகிற நேரத்துக்கு நடைவழி விளக்கு எரியும். படுக்கையில் அவள் பக்கம் சூடாகும். அவன் அந்தச் சூட்டில் கை வைத்துக்கொண்டு தூங்கினான். தூங்கினான் என்பதும் பேச்சுக்குச் சொல்வதுதான். இது நல்லதற்கில்லை என்று கொழுந்தியாள் சொல்லச் சொல்ல, இன்று காலைதான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவளுடைய ஷெல்லைக் கழற்றி எறிந்தான். அதன் ஞாபகக் கோப்பை அழித்தான். எல்லா நிரல்களையும் தன் பொது விதி ஷெல்லில் திருப்பி எழுதினான். பெட்டியை அணைத்து மறுபடி இயக்கினான்.

அவனுடைய ஷெல்லில் ஞாபகம் என்று ஒன்று கிடையாது. பெயருக்குக் கொடுத்த மதிப்பு அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரைதான், மூடினால் போயிற்று. கட்டளை வந்தால் செய்யும், வராவிட்டால் சும்மா இருக்கும்.

இது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நேற்று வரை அந்த விளக்கு எரிந்தது ஒரு ஞாபகம். இன்று அப்படிச் சொல்ல வழியில்லை. இன்று அது எரிகிறது என்றால், இப்போது, இந்த நிமிடம், யாரோ எரியச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹீட்டர் கம்பி சூடாகும் தூசி வாசனை ஹாலில் பரவியிருந்தது. அதற்கு அடியில் மெல்லியதாக இன்னொரு வாசனை. ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிற திரவத்தின் வாசனை. தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். இல்லை. சட்டையில் வேர்வைதான்.

அவனுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு ஜன்னல் இருந்தது. அவள் மாடியில் தட்டுவது கீழே அவன் திரையில் தெரியும், அவன் தட்டுவது அவளுக்குத் தெரியும். சாப்பிட வா என்று கூப்பிடுவதற்கும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். லேப்டாப்பில் அதைத் திறந்தான்.

திரையின் அடியில் ஒரு வரி: இன்னொருவர் இணைந்திருக்கிறார்.

மேலே அதற்கு முன்பே தட்டப்பட்ட கட்டளை. "விளக்கு மாடீ" என்று நெடிலாக அடித்து, பிழை வாங்கி, மறுபடி "விளக்கு மாடி". அவள் எப்போதும் அப்படித்தான் அடிப்பாள்.

மாடியில், சாத்திய கதவுக்குப் பின்னால், அவளுடைய கனத்த விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. டக். டக் டக். நடுநடுவே இடைவெளிப் பட்டையின் கிறீச்சு. அதற்கு எண்ணெய் விடச் சொல்லி அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள்!

திரையில் எழுத்துகள் வந்தன. "செட்" என்று தொடங்கி, ஞாபகம் வைத்துக்கொள் என்பதற்கான அவளுடைய ஷெல்லின் குறிகள், பிறகு அவள் பெயர், பிறகு "வீட்டில்".

அவனுடைய ஷெல் பதில் சொன்னது: இப்படி ஒரு குறி இங்கே கிடையாது.

மறுபடி அதே வரி. கிடையாது.

மறுபடி. கிடையாது.

பிறகு ஒரு குறியை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் வைத்து அதே வரி வந்தது. இந்த முறை பிழை வரவில்லை. அதுதான் கொடுமை. அவனுடைய ஷெல்லிலும் அந்தக் குறி உண்டு, ஆனால் பொருள் வேறு. இனிமேல் செய்யும் ஒவ்வொன்றையும் முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டு என்று பொருள். ஷெல் அதை அப்படியே செய்தது. பெயரை வாங்கிக்கொள்ளவே இல்லை. சொன்ன சொல்லைக் கேட்கும், சொன்னவளைப் புரிந்துகொள்ளாது. எஜமானனைப் போலவேதான் ஷெல்லும் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

மேலே டக் டக்.

அவள் பெயரின் மதிப்பு என்ன என்று கேட்கும் வரி. அதன் கீழே கூட்டல் குறி. அதன் கீழே ஒன்றுமில்லை, வெறும் வரி. பொது விதி அப்படித்தான்: இல்லாத பெயரைக் கேட்டால் பிழைகூட இல்லை, வெற்றிடம்.

மறுபடி கேட்டது. வெற்றிடம்.

மறுபடி. தட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது, ஆள் தெரியாத வீட்டுக் கதவை இருட்டில் தட்டுவதுபோல. வெற்றிடம். வெற்றிடம்.

"ஐயோ, போதும்மா," என்றான் அவன், காலியான ஹாலில், வாய்விட்டு. "போதும். நானே சொல்லித் தர்றேன்."

கண்ணாடி நனைந்து எழுத்து தெரியவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு, தன் ஷெல்லின் முறைப்படி "எக்ஸ்போர்ட்" என்று அடித்து, அவள் பெயர், சமக்குறி, "வீட்டில்". எண்டரைத் தட்டினான். கூட்டல் குறி ஒன்று தோன்றியது. ஏற்றுக்கொண்டது.

மாடிச் சத்தம் நின்றது.

படுக்கை அறையில் ஹீட்டர் கிளிக் என்று உயிர் பெற்றது. அவன் அழுதான். நிம்மதியாகவே அழுதான்.

அழுகை அடங்கிய பிறகுதான் அது தோன்றியது.

அவளுக்கு அவனுடைய ஷெல் தெரியாதா என்ன? அவன் எழுதிய நிரல்களில் பாதியைத் திருத்திக் கொடுத்ததே அவள்தான். "எல்லாம் தெரியும், பிடிக்கல, அவ்வளவுதான்" என்பாள். அவளாக இருந்திருந்தால் முதல் பிழையிலேயே புரிந்துகொண்டு, அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, சரியாக அடித்திருப்பாள். அத்தனை முறை கதவைத் தட்டியது, அவள் எப்போதோ அடித்ததை மட்டும் தெரிந்துவைத்திருந்த ஒன்று. எழுத்துப்பிழையோடு மனப்பாடம் செய்திருந்த ஒன்று.

அதற்கு அவன் அவள் பெயரைக் கொடுத்திருந்தான்.

மாடிக் கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது. படிக்கட்டு விளக்கு எரிந்தது.

திரையில் மறுபடி எழுத்துகள். விசைப்பலகைச் சத்தம் இப்போது இல்லை. எழுத்துகள் மட்டும். "எக்ஸ்போர்ட்". சட்டாம்பிள்ளை. சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாமல். ஒரு பிழை இல்லை. அவன் சற்றுமுன் அடித்துக் காட்டிய அதே விதம்.

மதிப்பு: "வீட்டில் இல்லை".

கூட்டல் குறி. வாசல் கதவு பூட்டிக்கொண்டது.

கூட்டல் குறி. ஹால் ஹீட்டர் அணைந்தது.

கூட்டல் குறி. அவன் தலைக்கு மேலிருந்த விளக்கும்.

இருட்டு. படிக்கட்டில் மட்டும் வெளிச்சம். தரை துடைக்கும் திரவத்தின் வாசனை இப்போது தொண்டைக்குள் இருந்தது. ஒரு படி முனகியது. அடுத்த படி.

ஓடலாம். சமையலறை ஜன்னலுக்குப் பூட்டு கிடையாது, அது அவனுக்குத் தெரியும். கால் பரபரத்தது.

ஆனால் நூற்றில் ஒரு பங்கு அவளாக இருந்துவிட்டால்? வந்து பார்த்து, அவன் ஓடிவிட்டிருந்தால்?

கடைசிப் படி.

அவன் லேப்டாப்பை மூடினான். சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான்.

இருட்டில், அந்த இடம் மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே போனது. அவள் கனத்துக்குத் தாழ்கிற அளவுக்கும் கீழே.