நடுவில் ஒரு புள்ளி

தொலைநோக்கியின் மூடியைப் போட்ட பிறகும் அந்தப் புள்ளி தாளில் இருந்தது.

ஞானசெல்வி மூடியை எடுத்தாள், மறுபடி போட்டாள். தாளில் விழுந்த சூரியனின் வட்டம் வந்தது, போனது. புள்ளி மட்டும் வெள்ளைத் தாளின் நடுவில் மிளகு அளவில் அப்படியே நின்றது. காலை ஒன்பது மணி. தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன. காற்றில் டீசலும் கருவாடும் கலந்து வந்தன.

முப்பத்து மூன்று வருஷக் காரியம் இது. சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருந்த கணவர் தேவப்பிரியம் ஆரம்பித்து வைத்தது. சூரியனில் காந்தம் முறுக்கிக்கொள்கிற இடமெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும், விடாமல் வரைந்து வைத்தால்தான் அதன் ஏற்ற இறக்கம் பிடிபடும் என்பார். தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைக்கக் கூடாது; பின்னால் பிடித்த தாளில் விழும் வட்டத்தைப் பார்த்துப் பென்சிலால் குறிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தாளை உலுக்க வேண்டும். தாளில் இருக்கும் அழுக்கு தாளோடு ஆடும், சூரியனின் புள்ளி நின்ற இடத்தில் நிற்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்குப் பார்வை போயிற்று. ஆசை தாங்காமல் நேரே பார்த்துத் தொலைத்துவிட்டார் என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது, அவரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து வரைவது அவள் வேலை. அவர் விரலால் தடவி எண்ண வேண்டுமே என்று பென்சிலை அழுத்தி வரைவாள். பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் அஜீசுன்னிசாவுக்கு இது தினசரி வேடிக்கை. "இன்னாக்கா, தெனம் அந்தக் காயிதத்த உலுக்கிக்கினே கீறே?" என்பாள்.

தப்பு நடந்தது போன டிசம்பர் புயலில். மேகம் மூடினால் தேதியை மட்டும் போட்டு வட்டத்தைக் காலியாக விட வேண்டும், அதுதான் சட்டம். நாலு நாள் அப்படியே விட்டாள். ஐந்தாம் நாள் அவருக்கு அனலாய்க் காய்ச்சல். அவர் விரல் காலி வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. பாவம் மனுஷன் என்று, சூரியனைப் பார்க்காமலே நடுவில் ஒரு புள்ளியை வைத்துக் கொடுத்தாள். விரல் பட்டதும் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். அன்று கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

வெயில் வந்த முதல் நாளே சூரிய வட்டத்தின் நடுவில் அது இருந்தது. உலுக்கினாள்; நின்றது. தற்செயல்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மற்றப் புள்ளிகள் ஒரு விளிம்பில் ஏறி, இரண்டு வாரத்தில் மறு விளிம்பில் மறைந்தன. இது நகரவே இல்லை. இன்றைக்கு மூடி போட்டும் நிற்கிறது.

மத்தியானம் சோற்றுத் தட்டில் தெரிந்தது. சாயங்காலம் சுவரில். அந்த வாரத்திலேயே மிளகு புளியங்கொட்டை அளவாயிற்று, அடுத்த வாரம் உள்ளங்கை அளவு. கண் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது, எதைப் பார்த்தாலும் அதன் ஓரம் மட்டும்தான் தெரிந்தது.

அவர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நடுவுலயா வச்சே?"

"ஆமாங்க."

"நானும் கண்ணு போன வருஷ மழையில ஒண்ணு வச்சேன், செல்வி. பாக்காமத்தான். ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாதுன்னு ஒரு வீம்பு."

இது வளர்வது எப்போது நிற்கும் என்று கேட்டாள். நிற்காது என்றார். போகப் போக எல்லாம் இருட்டாகிவிடுமா என்று கேட்டாள்.

"இருட்டுன்னு யாரு சொன்னா? எனக்கு அது நல்லாத் தெரியுது. கிட்ட வந்துகிட்டே இருக்கு."

அவர் வரைந்த தாள்களின் கடைசிக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் புரட்டினாள். நடுவில் புள்ளி. அடுத்ததில் கொஞ்சம் பெரிசு. அடுத்ததில் இன்னும். கடைசித் தாளில் வட்டம் முழுக்கப் பென்சில் கீறல், தாளே கிழிகிற அளவுக்கு.

தன் கண் போனால் போகட்டும். அந்த நினைப்பில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஆனால் பெனிஷா? ஒரே மகள், ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, முப்பது வயது. அவள் இந்தப் பக்கமே வரக் கூடாது. குழாயை இப்போதே உடைத்துப் போட வேண்டும். ஞானசெல்வி சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள்.

மாடியில் ஆள் இருந்தது.

"நான்தாம்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு நாளும் நான்தான் வரைஞ்சேன்."

ஞானசெல்வி கதவைப் பிடித்துக்கொண்டாள். நேற்று வானம் எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"நேத்து ஒரே மேகம். அப்பா விரலை வச்சுத் தேடிக்கிட்டே இருந்தாரு, பாக்கவே பாவமா இருந்துச்சு. சும்மா நடுவுல சின்னதா ஒண்ணு..."

மகளின் முகத்தைத் தேடினாள். கழுத்து தெரிந்தது. காற்றில் பறக்கும் தலைமுடி தெரிந்தது. நடுவில் முகம் இல்லை. கறுப்பு.

படபட. படபட.

தாள். உலுக்குகிறாள்.

நிறுத்தினாள். மறுபடி உலுக்கினாள்.

"அம்மா," என்றாள் பெனிஷா. "மூடி போட்டுத்தானம்மா இருக்கு?"