எழிலின் எடைக்கு வெல்லம்

குலதெய்வம் கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தப் போக வந்த வேன்காரன் வாசலில் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டான். வெண்மதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்கு மாற்றுத்துணி வைக்கலாமென்று பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே மூன்று நாள் இட்லி, பூசணம் பூத்துப்போய்!

“எழிலு... இன்னாடி இது?”

பதினோரு வயது எழில் கதவோடு ஒட்டிக்கொண்டாள். “மத்தியானம் சாப்புடலம்மா... தராசுல கொறைஞ்சி காட்டணும்ல? யாராண்டயும் சொல்லாதம்மா... என் மேல சத்தியம்!”

வெண்மதி பொட்டலத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எழில் குறைமாதத்தில் பிறந்தவள். ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்த உயிரைப் பார்த்து அழுது, பிழைத்து வளர்ந்தால் எடைக்கு எடை வெல்லம் போடுவதாகக் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டவள் அத்தை சாமுண்டீஸ்வரி. புருஷனை இழந்து தம்பி தனசேகரன் வீட்டோடு வந்துவிட்ட அவளுக்கு எழில்தான் உலகம். அன்று ஊட்ட ஆரம்பித்த கை இன்னும் நிற்கவில்லை. போண்டா, முறுக்கு, கூல் டிரிங்க்ஸ், ராத்திரி படுக்கும்போது பால்கோவா. பிள்ளை குண்டாகி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. அத்தையின் கண்ணுக்கோ இன்னமும் அந்தக் கண்ணாடிப் பெட்டிப் பிள்ளைதான் தெரிந்தது.

ஆடி மாதம் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். “வளர்ற புள்ள, பட்டினி போடவே கூடாது. அவளுக்குன்னு தனித்தட்டும் வேணாம். வீடே ஒரே சாப்பாடு சாப்பிடுங்க, கூட நடங்க. குண்டு, எடைங்கற பேச்சு அவ காதுல விழவே வேணாம்.” வெண்மதி அன்றிலிருந்து எண்ணெய்ச் சட்டியை ஓரம் கட்டினாள். தினமும் விடியற்காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு செட்டிக்குளம் வரை நடந்தாள். வீட்டில் அவளுக்குக் கிடைத்த பேர், கல்நெஞ்சக்காரி.

வேனில் ஏறப்போன எழில் படியிலேயே தள்ளாடிச் சரிந்தாள்.

“ஐயோ, எம் புள்ள!” சாமுண்டீஸ்வரி ஓடி வந்து தாங்கினாள். “பாத்தியாடா சேகரு! பெத்தவளே பட்டினி போட்டு கொல்றாடா! ஒரு முறுக்கு குடுத்தா புடுங்கி வெக்கறா... இவல்லாம் ஒரு தாயா?”

தனசேகரன் பெண்டாட்டியை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தான். “இன்னாடி பண்ண புள்ளய? வாயத் தொறந்து சொல்லு!”

சொல்லிவிடலாம். பொட்டலத்தைக் காட்டினால் போதும். ஆனால் மகளின் கண்கள் கெஞ்சின. வெண்மதி பொட்டலத்தைத் தன் பைக்குள் தள்ளினாள். “என் தப்புதாங்க...” என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளுக்கு மோரும் வாழைப்பழமும் கொடுத்தாள். அனந்தபுரம் ரோட்டில் கோயில் வரும்வரைக்கும் வேனில் யாரும் அவளோடு பேசவில்லை.

கோயில் வாசலில் பெரிய தராசு தொங்கியது. சொந்தபந்தம் சுற்றி நின்றது. ஆளுக்கொரு போன்!

“இன்னொரு மூட்டையும் எறக்குங்கப்பா! எங்க வீட்டு ஆளு சின்ன ஆளு இல்ல!” தனசேகரன் பெருமையாகத்தான் சொன்னான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எழில் பின்வாங்கினாள். அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

அவ்வளவுதான். வெண்மதி மகளின் கையை விலக்கினாள். விறுவிறுவென்று நடந்து தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தாள்!

“அடியே, எறங்குடி! பைத்தியமா புடிச்சிருக்குது?” தனசேகரன் கத்தினான்.

“எறங்க மாட்டேங்க. அவள சொமந்த ஒடம்பு இது. சாமிக்கு வெல்லம் கூடத்தான் போவும், கொறையாது. எம் பொண்ண இத்தினி பேரு முன்னாடி நிறுக்க வுட மாட்டேன்!”

“என் பதினோரு வருஷ வேண்டுதல கெடுக்கறாளே, பாவி!” சாமுண்டீஸ்வரி மார்பில் அடித்துக்கொண்டாள்.

“அத்தே! அம்மாவ திட்டாத!” எழில் கத்தியே விட்டாள். “அம்மா பட்டினி போடல... நான்தான் சாப்புடல! நீதான பக்கத்து வூட்டுல சொல்லி சிரிச்ச, என் எடைக்கு ரெண்டு மூட்டை பத்தாதுன்னு... அதான் இட்லிய ஒளிச்சி வெச்சேன்... அம்மாவுக்கு தெரியும். நான் சத்தியம் வாங்கனதால சொல்லல...” 

சாமுண்டீஸ்வரியின் கை அந்தரத்தில் நின்றது. ஆசை ஆசையாக ஊட்டியவள் அவள். பிள்ளை சோற்றை ஒளித்ததும் அவள் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சுக்காக! தனசேகரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மெல்லக் குனிந்து மூட்டையிலிருந்து முதல் வெல்லத்தை எடுத்தாள் சாமுண்டீஸ்வரி. எதிர்த்தட்டில் வைத்தாள். “எறங்காத வெண்மதி... உக்காரு. நீதான் உக்காரணும்.”  தட்டிலிருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “காத்தால எல்லார் முன்னாடியும் உன்ன அப்டி பேசனேனே... ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?”

“அவ சொல்லாதன்னா அண்ணி... நான் இன்னா செய்ய?” வெண்மதியும் அழுதாள்.

பூசை முடிந்து வேப்பமர நிழலில் இலை போட்டார்கள். “அம்மா... பசிக்குது” என்றாள் எழில். காலையிலிருந்து இதைக் கேட்கத்தானே வெண்மதி தவித்தாள்!

சாமுண்டீஸ்வரி ஓடிப்போய்ப் பிள்ளைக்குக் கீரைச்சோறு பரிமாறினாள். பழக்கத்தில் இரண்டாவது கரண்டியும் இலைமேல் போய்விட்டது. கை சட்டென்று நின்றது.

“போதுமா கண்ணு... இன்னும் வேணுமா?”

பதினோரு வருஷத்தில் அத்தை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.