என் விரலில் வந்த அவர் சாப்பாடு

காலையில் எழுந்ததும் எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் திசுமானி என்ற கருவியில் விரல் வைத்தாக வேண்டும். நம் செல்களுக்குள் அடுப்புபோல எரிந்துகொண்டிருக்கும் இழைமணிகள் மூளையில் எப்படி இருக்கின்றன, இதயத்தில் எப்படி, ஈரலில் எப்படி என்று அது தனித்தனியாகச் சொல்லும். அதற்கேற்ற தட்டு பொதுச் சமையலறையிலிருந்து வரும். சோறு கேட்கும் உடம்புக்குத்தான் சோறு.

எனக்குச் சோறு வராது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. சோற்றை நிறுத்திக் கொழுப்பாகக் கொடுத்ததும் மூளையின் இழைமணிகள் தெளிந்துவிட்டன. ஒன்பது வருடமாக ஒருநாளும் விழவில்லை. என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கும் அதே தட்டுதான் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகு என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

போன வாரம் நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தன் விரலையே வைக்க வேண்டியதாயிற்று. ஈரல் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. சமையலறை மருத்துவர் உடனே எனக்கு ஃபோன் செய்தார். என் மூளையைத் தேற்றிய அதே சாப்பாடு இவர் ஈரலைச் சோர வைத்துவிட்டதாம். இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் மீட்க முடியாதாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் அரைத்தூக்கத்தில் கிடக்கும் என் விரலை அவர்தான் பிடித்து வைப்பார். சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவையும் வைப்பார். அந்த இரண்டாவது தடவை அவர் பெயரில்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"உம்முன்னால உக்காந்து எப்படிப் புள்ள சோறு திங்கறது?" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வலிப்பு வந்தாக்கூட நான் எந்திரிச்சுக்குவனுங்க. நீங்க போயிட்டா காலைல யாரு என் வெரலப் புடிக்கறது?"

அன்று மதியம் அவருக்கென்று முதல் தட்டு வந்தது. சூடான சோறு, பருப்பு, மேலே பெயருக்கு ஒரு சொட்டு நெய். நானே பிசைந்தேன். வாசனைக்கு என் நாக்கு ஊறியது. அதை நான் மறைக்கவும் இல்லை. ஓர் உருண்டையை அவர் வாயில் வைத்தேன். மெதுவாக மென்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எப்படீங்க இருக்குது?"

"நல்லாவே இல்ல, புள்ள."

ஒன்பது வருடம் பொய் சொல்லிப் பழகிய மனுஷன். சொல்லிவிட்டு, அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.