அணிலின் முன்பல்

அந்த விடுதியில் யாருமே பல் தெரியச் சிரிப்பதில்லை என்பதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். கார் கதவைத் திறந்துவிட்ட காவலாளி, குளிர்ந்த துண்டை நீட்டிய பையன், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்ற பெண் என்று எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் எல்லோருடைய உதடுகளும் ஒட்டியே இருந்தன. வேறு யாராவது என்றால் கண்டிருக்க மாட்டார்கள். அவள் பல் செட் செய்கிறவள். மனிதர்களை வாயை வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்வாள்.

வரவேற்புக் கூடத்தில் வரிக்குதிரைத் தோல் போர்த்திய சோபாக்கள், சுவர் முழுக்கக் கொம்பு முளைத்த தலைகள், கூரையின் மறைவிலிருந்து ஓயாமல் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும் முரசொலி. தரை துடைத்த மருந்தின் எலுமிச்சை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை பதுங்கியிருந்தது. பல் பிடுங்கிய பிறகு பஞ்சைப் போட்டு வைக்கும் தட்டிலிருந்து வருமே, அது. பக்கத்திலேயே சமையல்கட்டு இருக்கும், இறைச்சி வந்திறங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எதையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பிறகு தன்னையே சந்தேகப்படுவது அவள் சுபாவம்.

“கார்லேர்ந்து இறங்கியாச்சு, காலு மட்டும் இன்னும் இறங்கல,” என்று அவள் கணவர் வலது காலை உதறினார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். வேறு யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார். இன்று வழி முழுக்க ஓட்டியது தங்கையின் கணவர். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன புது மாப்பிள்ளை.

தங்கையை வீட்டில் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல் உடைந்த நாளிலிருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்து வளர்ந்தவள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே அக்காதான். கல்யாணப் படத்தில் தங்கை கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பதற்காக, நிறம் பார்த்து, அச்செடுத்து, ராவி, அக்காவே தன் கையால் ஒரு பல் செய்து ஒட்டினாள். மற்ற பல்லைவிட ஒரு மயிரிழை வெளுப்பு. அது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

வரவேற்புப் பெண் அவர்கள் மணிக்கட்டுகளில் தோல்பட்டை கட்டினாள். அக்காவுக்கும் கணவருக்கும் கட்டியதில் ஒரு கோரைப்பல் கோக்கப்பட்டிருந்தது. அணிலுக்கும் மாப்பிள்ளைக்கும் கட்டியதில் சின்னக் கொம்புத் துண்டு.

“இது மேல இருக்கிற சிறுத்தைக் குடிலுக்கு. அது கீழ, மான் குடிலுக்கு. போற வரைக்கும் கழட்டக் கூடாதுங்க. பட்டையப் பாத்துதான் பரிமாறுவாங்க. சாயங்காலம் விளையாட்டுக்கும் பட்டையப் பாத்துதான் கூப்பிடுவாங்க.”

“விளையாட்டா? எனக்கு ஓரமா உக்காந்து பாக்கறதுதான் வரும்,” என்றார் கணவர்.

மாப்பிள்ளை தன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவால்ல. எங்களுக்குக் கீழயே போதும்,” என்றார்.

அந்தப் பரவாயில்லையை அந்தக் குடும்பம் நன்றாக அறியும். கல்யாணத்தன்று வந்த கார் சிறியதாகப் போனதற்கும் இதே பரவாயில்லையைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அழுதது அணில். அக்கா யோசிக்கவே இல்லை. தன் கையிலிருந்ததைக் கழற்றினாள், கணவருடையதையும் கழற்றினாள்.

“மாப்பிள்ளை இருக்கும்போது நாங்க மேல போய் உக்கார்றதா? நீங்க போட்டுக்குங்க தம்பி. அணில், கைய நீட்டு.”

“இருக்கட்டும்க்கா,” என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை கையை நீட்டினார். கொம்புத் துண்டு கோத்த பட்டைகள் அக்காவுக்கும் கணவருக்கும் வந்தன.

கட்டும்போது அந்தக் கோரைப்பல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அச்சில் வார்த்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அசல் பல். வேர்ப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

வரவேற்புப் பெண் தடுக்கவில்லை. அக்காவின் பக்கம் மட்டும் திரும்பினாள். “மாத்தினது நீங்கதான்,” என்றாள் மெல்ல. “நாங்க இல்ல.”

மான் குடில் புல்வெளியின் நடுவே இருந்தது. நல்ல அறைதான். மெத்தையில் கை வைத்தால் மணிக்கட்டுவரை அமிழ்ந்தது. கட்டில் பக்கத்தில் விளக்குக்குப் பதிலாக ரோஜா நிறத்தில் பெரிய உப்புக்கல் ஒன்று உள்ளிருந்து ஒளிர்ந்தது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வெளியே இருந்தது. சன்னல்கள் எல்லாம் சுற்றிலும் உயர்ந்து நின்ற மரத்தளங்களைப் பார்த்திருந்தன. அங்கே நாற்காலிகள் புல்வெளியை நோக்கி வரிசையாகப் போடப்பட்டிருந்தன.

மாலைச் சிற்றுண்டிக்கு மேல்தளத்துக்குப் போனார்கள். பரிமாறியவன் மணிக்கட்டுகளைப் பார்த்தான். அணிலுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் நெருப்பைப் பார்த்தும் பார்க்காததுமான இறைச்சி. அக்காவுக்கும் கணவருக்கும் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை இலை.

“என்ன சகல, உங்களுக்கு விருந்து, எங்களுக்கு வேலியோரத்துல முளைச்சதா?”

மாப்பிள்ளை நிமிரவில்லை. வேலியோரத்து இலையைக் கணவர் அடிவரை தின்றார். அவளும்தான். இனித்தது.

“அணில், முன்பல்லால கடிக்காதடி. ஒட்டு விட்டுடும்.”

தங்கை எலும்பிலிருந்து வாயை எடுத்தாள். முகவாயில் சாறு வழிந்திருந்தது. துடைக்கவில்லை. “அக்கா, என்ன சோப்பு போட்ட?”

“எப்பவும் போடறதுதான். ஏன்?”

“வாசனையா இருக்க,” என்றாள். கண்ணை மூடி இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். “ரொம்ப நல்லா இருக்க.”

மாப்பிள்ளை அவள் தட்டிலிருந்த எலும்பை விளையாட்டாக இழுத்தார். அணில் அவர் கையில் அறைந்தாள். அப்படித்தான் தெரிந்தது. அவர் கையை எடுத்தபோது புறங்கையில் நான்கு கோடுகள் பிளந்திருந்தன. அதிலிருந்து சொட்டியது மேஜைவிரிப்பில் பரவியது. அவர் கத்தவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, உதடு பிரியாமல் சிரித்தார்கள்.

குடிலுக்குத் திரும்பியதும் அக்கா முகம் கழுவினாள். நமக்குத்தான் மனசு சரியில்லை, பயணக் களைப்பு என்று கண்ணாடியில் இருந்தவளிடம் சொன்னாள். காது மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை. எங்கோ தளத்தில் ஒரு நாற்காலி நகர்வது கேட்டது. புல்லுக்குள் ஏதோ பூச்சி கால் மாற்றி வைப்பதுகூடக் கேட்டது. வெளியே வந்தபோது கணவர் கட்டிலோரம் மண்டியிட்டு உப்புக்கல்லை நக்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“தெரியலடி. நாக்கு கேக்குது.”

திட்ட வாயெடுத்தவள் நின்றாள். அவள் உதட்டிலும் உப்புக் கரித்தது. அவள் எப்போது குனிந்தாள் என்று நினைவில்லை.

பட்டையைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி இருந்த இடம் வழவழவென்றிருந்தது. இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. பட்டையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பொடி மயிர் புதிதாக அரும்பியிருந்தது.

“கிளம்பலாம். நீங்க போய் காரை எடுங்க. நான் அணிலைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

“சகல கோவிச்சுக்குவாரு.”

“கோவிச்சுக்கட்டும்.”

அவர் சிரித்தார். அந்த இடத்தில் அதுவரை பல் தெரியச் சிரித்த ஒரே ஆள் அவர்தான். “பயப்படாதடி. பயம் வந்தா மொதல்ல பிரேக். அப்புறம்தான் யோசனை,” என்றார். தன் மாணவர்களுக்கு அவர் தினமும் சொல்லும் பாடம்.

சூரியன் விழுந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. புல்வெளியின் ஓரமாகவே நடந்து, மரப்படியில் ஏறினாள். சிறுத்தைக் குடிலின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. கிழிந்த மெத்தையிலிருந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. சுவரில் அவள் உயரத்துக்கும் மேலே நகக் கீறல்கள். அந்த வாசனை இப்போது எதற்கு அடியிலும் பதுங்கியிருக்கவில்லை.

“அணில்?”

குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினாள். ஏதோ தடுத்தது. பலமாகத் தள்ளினாள். மாப்பிள்ளையின் தோள் அது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அவர் மடங்கிக் கிடந்தார். வயிறு இருந்த இடம் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தது. தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டே ஓடியது. அவர் விரல்களிலும் நகம் நீண்டிருந்தது. சண்டை போட்டிருக்கிறார். ஒரு காட்டில் இரண்டு பேருக்கு இடமில்லை போலும்.

கடித்த இடங்களை அவள் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வளைவு, இடைவெளி, இடப்பக்கம் சற்றே திரும்பிய பல். அந்த அச்சை அவள் எங்கு கண்டாலும் சொல்வாள். சாந்தில் வார்த்து, ராவித் தேய்த்து, வாரக்கணக்கில் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வாய்.

இல்லை. நான் தப்பாகப் பார்க்கிறேன்.

அப்போது முரசு நின்றது. வந்ததிலிருந்து நிற்காத முரசு.

தளத்துக்கு ஓடி வந்தாள். சுற்றிலும் நாற்காலிகள் நிறைந்திருந்தன. விருந்தாளிகள், கையில் கோப்பைகளோடு. புல்வெளியில் பளீரென்று விளக்குகள் எரிந்தன. நடுவில் அவள் கணவர். கையில் கார்ச் சாவி.

“ஓடுங்க,” என்று கத்தினாள். வார்த்தை வரவில்லை. கனைப்பு போல ஏதோ வந்தது.

அவர் ஓடவில்லை. பயம் வந்தால் முதலில் பிரேக். விளக்கைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். தலையை மட்டும் தூக்கியிருந்தார். காதைக் கொடுத்துக் கேட்பதுபோல.

எதிர்த் தளத்திலிருந்து ஏதோ இறங்கியது. சத்தமில்லாமல். தாழ்வாக. கல்யாணத்துக்கு அணிலுக்கு அக்கா எடுத்துக்கொடுத்த மஞ்சள் சட்டை. நாலு கால் பாய்ச்சல்.

மோதல். ஒரு சின்ன சத்தம், ஓட்டோடு கடலையை நசுக்குவதுபோல. அவர் கழுத்து போகக் கூடாத பக்கம் போனது. சட்டை மேலே எழும்பியது, கீழே விழுந்தது. மறுபடி எழும்பியது. புல்லெல்லாம் நனைந்தது.

அவள் எப்படிப் படியிறங்கினாள் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் சட்டை விலகி, வெளிச்சத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டாள். கணவரின் கண் திறந்திருந்தது. வலது கால் மட்டும் புல்லை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி, விட்டு, அழுத்தி. பிறகு அதுவும் இல்லை.

கழுத்தில் கிழிந்த சதைக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது. விரலை விட்டு எடுத்தாள். பல். மற்ற பல்லைவிட ஒரு மயிரிழை வெளுப்பு.

மூச்சு பக்கத்தில் வந்தது. சூடாக.

“அக்கா.”

சின்ன வயதுக் குரல். படியில் விழுந்த அன்று வந்த அதே குரல். அணில் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்கை வரை சிவப்பு. பழக்கமாகத் தலையைப் பின்னால் சாய்த்தாள்.

“பல்லு விழுந்துடுச்சுக்கா. ஒட்டிக் குடேன்.”

வாயைத் திறந்தாள். முன்பல் இருந்த ஓட்டையில், அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈறைக் கிழித்துக்கொண்டு வேறொன்று இறங்கி வந்தது. நீளமாக. வளைந்து. இதுவரை எந்த வாய்க்கும் அவள் செய்து தராத அளவில்.

எழுந்திருக்கக் கால் வரவில்லை. காது மட்டும் நடுங்கியது. மேலே தளங்களில், எல்லா நாற்காலிகளிலும், இப்போது பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கை, அந்தச் சின்ன வெள்ளைப் பல்லைப் பிடித்தபடி, தானாகத் தங்கையின் வாய்க்குள் போனது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களின் மேல் அணிலின் உதடுகள் மெல்ல மூடின.