பெட்டிக்குள் அடங்காதவள்

அந்த எஃகு அலமாரி வெதுவெதுப்பாக இருந்தது. ஆய்வக அறையோ குளிரூட்டியின் உறுமலில் விறைத்துக் கிடந்தது. மருந்து நெடியும் ரப்பர் கையுறை வாடையும் மூக்கில் ஏறின. வெளியே அமெரிக்கத் தென்கரை நகரான சார்ல்ஸ்டனின் மத்தியான வெயில் ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. தெரியாமல் முழங்கை பட்ட அந்த அலமாரிக்கு மட்டும் ஒரு மனுஷியின் வயிற்றுச் சூடு. அர்னெத்தா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"உடம்புச் சூடுதான், மிஸ் அர்னெத்தா," என்றார் டாக்டர் பிரெஸ்காட். இளவயது, வாய் கொள்ளாத சிரிப்பு. "அது குறைஞ்சா உங்கம்மாவோட செல்லுங்க செத்துடும்."

அம்மா லூவீனியா போய் அறுபத்தோரு வருஷம் ஆகிறது. கறுப்பர் வார்டில் கட்டியை அறுத்தபோது, யாரையும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது பெருகிப் பெருகி ஊர் ஊராக ஆய்வகங்களில் குடியேறிவிட்டது. குடும்பத்துக்குத் தகவல் வந்ததே போன மாதம்தான். இப்போது வெகு மரியாதையாகக் கேட்கிறார்கள்: வம்சத்தின் கடைசிக் குழந்தையிடமிருந்து ஒரு சொட்டு ரத்தம் வேண்டுமாம், அந்தச் செல்களோடு சேர்த்து வளர்த்துப் பார்க்க.

மகள் ரோஷெல் மேசையிலிருந்த சம்மதக் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

"கையெழுத்துப் போடாதடி."

"ஏம்மா? குதிகால்ல ஒரு குத்து, அவ்வளவுதான். இந்தத் தடவ கேட்டாவது எடுக்கிறாங்களே."

"பாப்பாவ யாரு கேட்டா?"

எட்டு மாதப் பேத்தி கைலாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள் அர்னெத்தா. நிலைகொள்ளவில்லை. செத்தவர்கள் சின்னஞ்சிறுசைத் தேடி வராமலிருக்க, சவப்பெட்டிக்கு மேலாகக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கைமாற்றுவது அவர்கள் பிறந்த கடலோரத் தீவின் வழக்கம். இரண்டு வயதில் அவளையும் அம்மாவின் பெட்டிக்கு மேல் அப்படித்தான் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் அம்மா முழுசாக இல்லையே.

டாக்டர் அலமாரியைத் திறந்து செல்கள் வளரும் சின்னத் தட்டு ஒன்றை எடுத்து, மேசைமேல் நுண்ணோக்கியில் வைத்தார். அதோடு இணைந்த திரையில் சாம்பல் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

"இந்தச் செல்லுங்க ரொம்ப சோம்பேறிங்க. மயிரிழை தூரம் நகர ரெண்டு மணி நேரம் எடுத்துக்கும்."

அர்னெத்தா குழந்தையை இடப்பக்கம் மாற்றினாள். புள்ளிகள் இடப்பக்கம் சரிந்தன.

வலப்பக்கம் மாற்றினாள்.

வலப்பக்கம்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "தட்டு... ஆடுதோ?"

ரோஷெல் எதையும் கவனிக்காமல் காகிதத்தின் மேல் குனிந்திருந்தாள். அர்னெத்தா குழந்தையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். பெற்றவளைக் கண்டு பயப்படுவது பாவம் என்று தெரியும். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. அன்று அரைகுறையாகப் போன சடங்கை இப்போதே முடித்துவிட வேண்டும்.

"ரோஷெல், அந்தப் பக்கம் போய் நில்லு. பாப்பாவ வாங்கிக்க."

"இரும்மா, வரேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, தட்டுக்கு மேலாகக் குழந்தையை நீட்டினாள். "இவள விட்டுடும்மா."

கனம் குறைந்தது. எதிரே வாங்கிக்கொண்டாள். அப்பாடா.

கையை எடுத்தாள். கண்ணைத் திறந்தாள்.

ரோஷெல் காகிதத்தருகே. கையில் பேனா. டாக்டர் சுவரோடு சுவராக. எதிர்ப்பக்கம் யாருமில்லை.

அந்தரத்தில் கைலா. விழவில்லை. அழவில்லை. இல்லாத ஒரு தோளில் கன்னத்தைச் சாய்த்துக் கண் மூடியிருந்தது. சட்டையின் முதுகுப்பக்கம், யாரோ தட்டித் தூங்க வைப்பதுபோல், குழிந்து குழிந்து எழுந்தது.