பொட்டு வைத்த துப்பாக்கி

பீரோவைத் திறந்து தொட்டபோது துப்பாக்கியின் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் வைத்துவிட்டுப் போன மாதிரி. பெனடிக்ட் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வீட்டில் அவரையும் மகள் ஆஷ்லினையும் தவிர ஆளில்லை. சாவி அவரிடம்தான் இருந்தது.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் என்சிசி பார்க்கும் வாத்தியார் அவர். வெள்ளைக்காரன் காலத்தில் சோதனைக்கென்று செய்து, ராணுவம் வேண்டாமென்று தள்ளிய துப்பாக்கி இது. எப்படியோ பள்ளிக்கு வந்து என்சிசி அறை மூலையில் கிடந்தது. அந்த அறையை இடிக்கப்போவதால் தலைமையாசிரியர் இவர் தலையில் கட்டிவிட்டார். ஒப்படைக்கப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் கலெக்டர் ஆபீசைக் காட்டினார்கள். அங்கே என்சிசி ஆபீசை. ராணுவமே எடுக்காத சாமானை நாங்கள் எப்படி வாங்குவது என்று அங்கே கையை விரித்தார்கள். அலைந்து ஓய்ந்து, கடைசியில் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பள்ளி பியூன் காளைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஆயுத பூஜைக்கு மற்றத் துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைக்கிற காளை, இதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார். இந்த வருடம் பெனடிக்ட்தான் சும்மா இருக்கமாட்டாமல் இதற்கும் வைக்கச் சொன்னார்.

“பூசைக்கு மறுநாள் மத்ததையெல்லாம் பரேடுக்கு எடுத்தீங்கள்ல சார். இதையும் எடுத்தீங்களா?”

“இல்லப்பா. எதுக்கு?”

“பூசை போட்டுச் சேத்துக்கிட்டா மறுநாள் வேலை குடுக்கணும் சார். இல்லேன்னா அதுவா வேலை தேடும்.”

எரிச்சலுடன் போனை வைத்தார். வெளியே நாகமலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது, அறை முழுக்கப் பழைய எண்ணெயும் துருவும் கலந்த வாடை. அடுத்த அறையில் ஆஷ்லினின் கொலுசுச் சத்தம் ஜன்னல் பக்கமாக நடந்தது. பீரோவுக்குள் இரும்பு மரத்தில் உரசியது. துப்பாக்கிக் குழல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

கொலுசு சமையலறைக்குப் போனது.

குழலும் போனது.

சனியனைக் கிணற்றில் போட்டுவிட்டு மறுவேலை பார்க்கலாம் என்று தூக்கினார். கனமே இல்லை. கட்டை தானாகத் தோளில் வந்து பொருந்தியது. கன்னம் அதில் படிந்தது. விரல்களை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை.

குண்டு கிடையாது. அது அவருக்குத் தெரியும்.

துப்பாக்கிக்குள்ளே ஏதோ நகர்ந்து, இடத்தில் உட்கார்ந்தது.

“அப்பா? இருட்டுல என்ன பண்றீங்க?”

வாசலில் ஆஷ்லின், கையில் செல்போன் வெளிச்சம். ஓடு என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. என்சிசி பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தபடியே அவருடைய கால்கள் அகன்றன. மூச்சு நின்றது. இடது கண் மூடிக்கொண்டது.