நின்றிருந்த வண்டியின் வேகம்

நின்றுகொண்டிருந்த வண்டி பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போவதாக, அதில் செருகியிருந்த கோளாறு பார்க்கும் ஸ்கேனர் சொன்னது.

மெக்கானிக் ஹம்மாத் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பத்தொன்பது. ஐப்பசி மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம், ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குள், நான்கு சக்கரங்களுக்கும் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தான் அந்த வெள்ளை பிக்கப்பை. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமி அதைப் பழைய வண்டியாக வாங்கியவர். காலையில் சாவியைக் கொடுக்கும்போது வண்டிப் பக்கமே திரும்பாமல் பேசினார்.

“நிக்கும்போதே ஓடுறதா காட்டுது தம்பி. கியரும் தானா மாறுது. சரியாச்சுன்னா நீங்களே யாருக்காவது வித்துருங்க. நான் இனி இதுல ஏற மாட்டேன்.”

வேக சென்சார் கெட்டிருக்கும் என்றுதான் ஹம்மாத் நினைத்தான். ஆட்டோ கியர் வண்டிகளில் இது சகஜம். தண்ணீர் இறங்கினால் சென்சார் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி கியர்பாக்ஸ் தாறுமாறாக மாறும். அடியில் படுத்து ஒயரைத் தடவிப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை, களிம்பும் பிடித்திருக்கவில்லை. ஆனால் ஆயில் வாடைக்கு நடுவே, நெடுந்தூரம் ஓடி வந்து இப்போதுதான் நின்றதைப்போல ரப்பர் கருகும் நெடி அடித்தது. காலையிலிருந்து ஓரடி நகராத வண்டி. கியர்பாக்ஸைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சுட்டது.

சென்சாரையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறினான். சாரல் ஸ்கேனரில் படாதபடி கதவைச் சாத்தினான். சென்சார் இல்லாத வண்டி பூஜ்யம்தான் காட்டியாக வேண்டும்.

முப்பத்தொன்று.

டக். கதவுகள் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. வேகம் ஏறினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை அது. சாவியைத் திருப்பி உருவினான். மீட்டர் விளக்கு அணையவில்லை. கைப்பிடியை இழுத்தான், பூட்டு அசையவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. பட்டறையின் மறுகோடியில் கூட்டாளி இனாயத் முதுகைக் காட்டியபடி இரும்பு அறுத்துக்கொண்டிருந்தான்.

“இனாயத்! டேய், லாக் ஆயிட்ச்சுடா! வந்து தொற!”

கிரைண்டர் இரைச்சலில் அது எடுபடவில்லை. தீப்பொறிகள் மட்டும் பறந்தன.

நாற்பத்து நான்கு. ஏசி துவாரங்கள் வழியே மழைவாசம் கலந்த காற்று முகத்தில் வீசியது. தேங்கிய தண்ணீரை டயர்கள் கிழிக்கும் சத்தம். ஒரு பஸ்ஸின் ஹாரன் வலப்பக்கமாகப் பெரிதாகி, கடந்து, தேய்ந்தது. எதிரே பட்டறைச் சுவர் அப்படியே இருந்தது. அவன் முதுகு மட்டும் சீட்டோடு சீட்டாக அழுந்திக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. மனைவி ரூபீனா.

“ஏங்க, யார் வண்டி இது? அடையாறு டெப்போ எதிர்ல நிக்கிறேன். வெள்ள பிக்கப்புல நீங்க வந்துகினு கீறீங்க. கை காட்டுறேன், பாக்காத மாரி இருக்கீங்க?”

ஃபோனை வாயருகே பிடித்துக் கத்தினான்.

“ரூபீனா, அது நான் இல்ல. உள்ள போயிடு. ஓடு!”

“மழைல கேக்கல. இருங்க, நானே க்ராஸ் பண்ணி வர்றேன்.”

பிரேக்கை மிதித்தான். கால் வெறுமையில் இறங்கியது. ஐம்பத்தெட்டு. மீண்டும் மிதித்தான். அறுபத்து மூன்று. ஸ்கேனரால் ஜன்னலை அடித்தான். ஸ்கேனர்தான் உடைந்தது.

“வராத! வராத!”

மீட்டரில் எழுபது.

வண்டி குலுங்கியது. ஒரே ஒரு குலுக்கல்.

பூஜ்யம்.

பட்டறையில் எதுவும் அசைந்திருக்கவில்லை. கற்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் கூரைக்கடியில் காய்ந்து கிடந்த முன்கண்ணாடி நனைந்திருந்தது. வைப்பரில் ஊதாநிறத் துப்பட்டா ஒன்று சுற்றிக்கிடந்தது. அதன் நுனியிலிருந்து நீர் சொட்டியது. முதலில் தெளிவாக. பிறகு சிவப்பாக.

ஃபோன் துண்டிக்கப்படவில்லை. மழை. ஓடி வரும் காலடிகள்.

“உசுரு கீதுப்பா! மூச்சு வருது! தூக்கு, தூக்கு!” என்று கத்தினாள் யாரோ ஒரு பெண்.

“யா அல்லாஹ்!” ஹம்மாத் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

மீட்டரில், கியர் காட்டும் இடத்தில், சிவப்பாக ஓர் எழுத்து எரிந்தது. ரிவர்ஸ்.

பீப். பீப். பீப். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. ஃபோனுக்குள்ளிருந்தும் கேட்டது.

இரண்டு. ஐந்து. ஒன்பது.